அம்மாவின் பெருவிரல் மூட்டுப் புடைப்பு: அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 61 வயது. வலது கால் பெருவிரல் பக்கத்து விரலின் மேல் சாய்ந்து, அதன் அடிமூட்டு வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. செருப்பு வார் உரசி உரசி அந்த இடத்துத் தோல் சிவந்து பளபளக்கிறது. மாலையானால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். பார்க்கவே மனம் பதைக்கிறது.

எக்ஸ்ரேயில் சாய்வு 32 டிகிரி. 15 டிகிரியைத் தாண்டினாலே கோளாறுதானாம். புதிதாக எலும்பு எதுவும் வளரவில்லை, பாத எலும்பு விலகியதால் வந்த புடைப்பு இது என்று மருத்துவர் விளக்கினார். பாட்டிக்கும் இப்படித்தான் இருந்தது.

விரலிடையில் வைக்கும் சிலிக்கோன் துண்டும் முன்பக்கம் அகலமான செருப்பும் வலியைச் சற்றுக் குறைத்தன. ஆனால் அவற்றால் விரல் நிமிராது. எலும்பை வெட்டி நேராக்கி ஸ்க்ரூ வைக்கும் அறுவை சிகிச்சைதான் மிச்சம்.

செய்துகொண்டவர்களே, முதல் ஆறு வாரங்களை வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள்? வீக்கம் எத்தனை மாதம் இருந்தது? விரல் மறுபடியும் சாய்ந்ததா? அம்மாவுக்குச் சர்க்கரை நோயும் உண்டு. புண் ஆறுமா என்பதுதான் என் பெரிய பயம். சர்க்கரை உள்ளவர்கள் தயவுசெய்து உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.