பிக்கப்பில் கூலண்ட் குறைகிறது, கீழே ஒரு சொட்டுகூட இல்லை. எங்கே தேடுவது?

கேரட் லோடு:
எல்லோருக்கும் வணக்கம். என் வண்டி 2018 மாடல் டீசல் பிக்கப். பிஎஸ்4, டர்போ, காமன் ரெயில் எஞ்சின். வத்தலக்குண்டில் உரமும் மளிகைச் சாமானும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் ஏறுவேன். இறங்கும்போது கேரட், பீன்ஸ், பூண்டு ஏற்றி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வருவேன்.

மலை ஏறி இறங்கினால் மறுநாள் காலையில் கூலண்ட் (எஞ்சினை ஆற வைக்கும் தண்ணீர்க் கலவை) அரை லிட்டர் அளவுக்குக் குறைந்திருக்கிறது. சமதளத்தில் மட்டும் ஓடிய நாட்களில் குறைவது கண்ணுக்கே தெரிவதில்லை. வண்டி நிற்கும் இடத்தில் அட்டை விரித்துப் பார்த்தாயிற்று, ஈரம் இல்லை. டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது. டிப் ஸ்டிக்கில் ஆயில் கருப்பாகத்தான் இருக்கிறது, பால் கலந்த மாதிரி இல்லை. கூலண்ட் மூடியும் மேல் ஹோஸும் புதிதாகப் போட்டும் மாற்றம் இல்லை.

ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கும், ஹெட்டை இறக்கிவிடலாம் என்கிறார்கள் பட்டறையில். செலவு ஒரு பக்கம் இருக்கட்டும், சீசனில் வண்டி நின்றால் வாடிக்கை லோடு கைவிட்டுப் போய்விடும். அதற்கு முன் வேறு என்ன பார்க்கலாம்?

டீசல் பட்டறை:
தம்பி, இப்போதைக்கு ஹெட்டைத் தொட வேண்டாம். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், அந்த முள்ளை நம்பாதீர்கள். டெம்பரேச்சர் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் சென்சாருக்குக் கீழே இறங்கிவிட்டால் அது காற்றிலும் ஆவியிலும் நிற்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் நடுவில் நிற்கலாம், கீழேகூட இறங்கலாம். அதனால் தினமும் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது லெவல் பார்த்துவிட்டே கிளம்புங்கள்.

அடுத்தது, லெவலை எங்கே பார்க்கிறீர்கள்? மூடி ரேடியேட்டர் தலையில் இருந்து, பக்கத்தில் சாதாரண பிளாஸ்டிக் பாட்டில் இருக்கும் வகை என்றால் பாட்டில் நம்மை ஏமாற்றும். சூட்டில் விரிந்து பாட்டிலுக்குப் போன தண்ணீரை, ஆறும்போது ரேடியேட்டர் திரும்ப இழுக்க வேண்டும். மூடிக்குள் இருக்கும் சின்ன வால்வு சரியில்லை என்றாலும், பாட்டில் குழாயில் கீறல் விழுந்திருந்தாலும் திரும்ப வராது. பாட்டில் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். டேங்கிலேயே பிரஷர் மூடி உள்ள வகை என்றால் இந்தக் குழப்பம் இல்லை.

காலையில் முதல் ஸ்டார்ட் எப்படி இருக்கிறது? வெள்ளைப் புகை வருகிறதா? ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த உடனே மேல் ஹோஸை அமுக்கினால் கல் மாதிரி இறுகியிருக்கிறதா? இதற்குப் பதில் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி பிக்கப்:
எனக்கும் இதேபோல் வந்தது. ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடச் சொன்னார்கள், போட்டேன், நின்றுவிட்டது. கடையில் லீக் அடைக்கும் பவுடரும் கிடைக்கிறது. செலவில்லாமல் இதை முயன்று பார்க்கலாமே.

நெடுஞ்சாலை:
அண்ணா, நடுவழியில் ரேடியேட்டர் ஒழுகி, பக்கத்து ஊர் வரை போய்ச் சேர வேண்டும் என்றால் வேறு வழியில்லாமல் செய்யலாம். மலை ஏறும் வண்டியில் வேண்டாம். ஓட்டையை அடைக்கிற பொருள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைக்கும். ஏற்றத்தில் லோடோடு இரண்டாம் கியரில் போகும்போதுதான் ரேடியேட்டருக்கு முழு வேலை. காற்றும் குறைவு, சூடும் அதிகம். பாதிக் குழாய் அடைத்திருந்தால் அங்கேதான் மாட்டுவோம். ஒழுகல் எங்கே என்பதும் கடைசி வரை தெரியாமலே போய்விடும்.

கேரட் லோடு:
டேங்கிலேயே பிரஷர் மூடி உள்ள வகைதான். காலை ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகை வருகிறது, கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறது. மலைக்குளிர் என்று இருந்துவிட்டேன், ஆனால் கீழே ஒட்டன்சத்திரத்தில் நிறுத்தி எடுத்தாலும் வருகிறது. வாடை லேசாக இனிப்பு கலந்த மாதிரி. எஞ்சின் கொஞ்சம் உதறும், அப்புறம் சரியாகிவிடும். ஹோஸ் உடனே இறுகவில்லை, எஞ்சின் சூடாகும்போதுதான் மெல்ல இறுகுகிறது.

டீசல் பட்டறை:
நல்லது, இது நிறையச் சொல்கிறது. கூலண்ட் வெளியே போகவில்லை, எஞ்சினுக்குள் போய்ப் புகையாகிறது.

டீசல் எஞ்சினில் எரியும் நேரத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் நூறு பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மேல் போகும். கூலண்ட் பக்கம் இருப்பது சுமார் ஒரு பார்தான், உங்கள் வண்டிக்குச் சரியான எண் மூடியின் மேலேயே அச்சடித்திருக்கும். கேஸ்கெட் சிலிண்டர் பக்கம் போயிருந்தால் பெரும்பாலும் புகைதான் தண்ணீருக்குள் தள்ளும். ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில் ஹோஸ் இறுகும், டேங்கில் குமிழி விடாமல் வரும், தண்ணீர் மூடி வழியாக வெளியே துப்பும். உங்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. கேஸ்கெட் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் என் முதல் சந்தேகம் ஈஜிஆர் கூலர். ஈஜிஆர் என்பது வெளியேறும் புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி விடும் அமைப்பு.

எஞ்சினுக்குத் திரும்பப் போகும் சூடான புகையை ஆற வைப்பதுதான் அந்தக் கூலரின் வேலை. உள்ளே மெல்லிய ஸ்டீல் குழாய்கள், அவற்றுக்குள் புகை, சுற்றி உங்கள் கூலண்ட். வருடக்கணக்கில் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஏதாவது ஒரு குழாயில் மயிரிழை விரிசல் விழும். மலை ஏறி நிறுத்தும்போது கூலண்ட் நல்ல சூட்டிலும் அழுத்தத்திலும் இருக்கிறது. எஞ்சின் நின்றதும் புகைப் பக்கம் அழுத்தமே இல்லை. அப்போதுதான் கூலண்ட் விரிசல் வழியாகப் புகைப் பக்கம் இறங்கும். இரவு முழுக்க அங்கே தேங்கி, காலையில் உதறலும் வெள்ளைப் புகையுமாக வரும். சமதளத்தில் அவ்வளவு சூடும் அழுத்தமும் ஏறாததால் குறைவது தெரிவதில்லை.

சோதனை இப்படிச் செய்யச் சொல்லுங்கள். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு டேங்க் மூடிக்குப் பதில் பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் உள்ள எண் வரை கைப்பம்பால் ஏற்ற வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். அப்படியே விட்டு முள்ளைப் பாருங்கள். முள் இறங்க இறங்க டார்ச் அடித்து வாட்டர் பம்பின் அடியில் உள்ள சின்ன ஓட்டை, ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி சேரும் ஓரம், டர்போவுக்குத் தண்ணீர்க் குழாய் போகிறது என்றால் அந்த இணைப்பு, கேபின் ஹீட்டர் இருந்தால் கால்மிதி ஈரம் எல்லாம் பார்க்க வேண்டும். சூடான இடத்தில் ஒழுகினால் சொட்டு கீழே விழுவதற்குள் காய்ந்துவிடும், வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் படிவு மட்டும்தான் தெரியும்.

எங்கும் ஈரம் இல்லாமல் முள் இறங்கினால், ஈஜிஆர் கூலருக்குப் போகும் இரண்டு தண்ணீர் ஹோஸையும் கழற்றி, ஒரு துண்டுக் குழாயால் நேராகச் சேர்த்துவிட்டு மறுபடி பிரஷர் ஏற்றுங்கள். இப்போது முள் நின்றால் ஆள் கூலர்தான். அப்போதும் இறங்கினால் அடுத்தது ஹெட். குளோ பிளக் (ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் பிளக்) ஓட்டை வழியாகச் சின்னக் கேமரா விட்டு எந்த சிலிண்டர் ஈரம் என்று பார்த்த பிறகு கழற்றலாம். துண்டுக் குழாய் சோதனைக்கு மட்டும்தான், அப்படியே வண்டியை ஓட்டக் கூடாது. தண்ணீர் இல்லாத கூலர் புகைச் சூட்டில் வெந்துவிடும்.

இது முடியும் வரை மலைக்குப் போகாதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் அதிகமாகத் தேங்கியிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரை அமுக்க முடியாது.

கேரட் லோடு:
அண்ணா, பார்த்தாயிற்று. வெளியே எங்கும் ஈரம் இல்லை, முள் மெல்ல மெல்ல இறங்கியது. கூலரை விலக்கிக் குழாயைச் சேர்த்ததும் முள் அப்படியே நின்றது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தோம், அசையவில்லை. கூலரின் புகைக் குழாயைக் கழற்றினால் உள்ளே கரி ஈரமாக, பிசுபிசுப்பாக இருக்கிறது. கூலரைத் தனியே எடுத்துத் தண்ணீர்ப் பக்கம் ஒரு முனையை அடைத்து, மறு முனையில் காற்று கொடுத்து வாளியில் அமுக்கினார்கள். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது போலக் குமிழி வரிசையாக வந்தது.

ஹெட்டை இறக்கியிருந்தால் அத்தனை செலவும் வீண், தண்ணீரும் குறைந்துகொண்டேதான் இருந்திருக்கும். பெரிய நன்றி. கேஸ் வெல்டிங் வைக்கலாமா, புதிது போடலாமா?

பொள்ளாச்சி பிக்கப்:
ஈஜிஆருக்கே தகடு வெட்டி அடைத்துவிட்டால் தொல்லை இல்லை என்கிறார்களே?

டீசல் பட்டறை:
வெல்டிங் வேண்டாம். விரிசல் உள்ளே குழாய்க் கட்டில் இருக்கிறது, வெல்டிங் ராடு எட்டாது. புதிய கூலர், புதிய கேஸ்கெட்டுகள் போடுங்கள்.

தகடு வெட்டிப் போடுவது சரியில்லை. புகைக் கட்டுப்பாட்டு அமைப்பைக் கழற்றியதாகத்தான் கணக்கு, எஞ்சின் விளக்கும் எரியும். புகை வராமல் அடைத்தாலும் ஓட்டைக் கூலருக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டுதானே இருக்கும்?

மாட்டிய பிறகு காற்று எடுப்பதில் பொறுமை வேண்டும். முன்பக்கம் கொஞ்சம் உயரமாக நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் வைத்து, காற்று விடும் ஸ்குரூவைத் திறந்து, குமிழி நின்று தண்ணீர் மட்டும் வரும் வரை ஊற்றுங்கள். போர் தண்ணீர் ஊற்றவே கூடாது, அதன் உப்பு உள்ளே படிந்து உலோகத்தையும் அரிக்கும். கையேட்டில் சொன்ன வகைக் கூலண்ட், அடர்த்தியாக வாங்கினால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே பச்சையில் வெவ்வேறு கலவை வருகிறது.

கூலண்ட்டும் நல்ல மூடியும் உங்கள் பாதைக்கு மிகவும் முக்கியம். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். மூடி பிடிக்கும் அழுத்தமும் கூலண்ட்டும் சேர்ந்துதான் அதைத் தள்ளி வைக்கின்றன. வழியில் சூடானால் மூடியைத் திறக்காமல் ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கள், சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழும்.

கேரட் லோடு:
புதிய கூலர் மாட்டியாயிற்று. உர லோடோடு மேலே போய் வந்துவிட்டேன், கூலண்ட் லெவல் இருந்த இடத்திலேயே நிற்கிறது. காலைப் புகையும் இல்லை. வடித்த பழைய கூலண்ட் ட்ரேயில் இருக்கிறது, பட்டறைக்குப் பின்னால் கொட்டிவிடலாமா?

நெடுஞ்சாலை:
தயவுசெய்து கொட்டாதீர்கள், ட்ரேயையும் திறந்து வைக்காதீர்கள். அதில் உள்ள கிளைகாலுக்கு இனிப்புச் சுவை, நாயும் பூனையும் நக்கிக் குடிக்கும், கொஞ்சம் குடித்தாலே சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். மூடி போட்ட கேனில் ஊற்றி, மேலே விஷம் என்று எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்கும்போது பழைய ஆயிலோடு கலக்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும்.