பார்ட்டில்பி கதை: வர்க்கமும் களமும் குறித்து உங்கள் உதவி தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். தொடக்ககால அமெரிக்கப் புனைகதைகளில் வர்க்கமும் கதைக்களமும் மனிதனை எவ்வாறு அந்நியப்படுத்துகின்றன என்பது பற்றிக் கட்டுரை ஒன்று எழுதி வருகிறேன்; அதில் ஓரிடத்தில் தேங்கி நிற்பதால் உங்களை நாடுகிறேன்.

ஹெர்மன் மெல்வில் 1853-இல் எழுதிய பார்ட்டில்பி கதையின் நாயகன், வால் ஸ்ட்ரீட் வழக்கறிஞர் ஒருவரிடம், நூறு சொல்லுக்கு நான்கு சென்ட் கூலிக்கு ஆவணங்களைப் படியெடுப்பவன். பச்சை நிறத் தடுப்புக்குப் பின்னால் அவனுக்கு ஒதுக்கப்பட்ட சன்னலுக்கு எதிரே, மூன்றடி தொலைவில் சுவர்தான் இருக்கிறது. வேலையை ஒவ்வொன்றாக மறுத்து, போக இடமின்றி அலுவலகத்திலேயே தங்கி, இறுதியில் சிறையில் மாள்கிறான். 1861-இல் ரெபெக்கா ஹார்டிங் டேவிஸ் எழுதிய இரும்பாலைக் கதையிலும், உலைக்கழிவில் சிலை வடிக்கும் தொழிலாளி சிறையில்தான் இறக்கிறான். இரண்டையும் சொல்பவர்கள் வசதியானவர்கள் என்பதே என் சிக்கல் (வழக்கறிஞருக்கோ செல்வந்தர் ஆஸ்டரின் பெயரை உச்சரிப்பதிலேயே தனிப் பெருமை!). அப்படியானால் நாம் காண்பது தொழிலாளியின் அந்நியமாதலா, அல்லது அவனைப் புரிந்துகொள்ள இயலாத வசதியானவரின் திகைப்பா? இரண்டாவதே சரியெனத் தோன்றினாலும், அதை உறுதியாக நிறுவ இயலவில்லை.

உள்நாட்டுப் போருக்கு முன், உழைப்பாளியே தன் குரலில் சொல்லும் அமெரிக்கப் புனைகதைகள் உண்டா? அமெரிக்காவின் லோவெல் நகரப் பஞ்சாலைப் பெண்கள் 1840-களில் எழுதிய இதழின் கதைகளைப் படித்தவர்கள், அவற்றில் ஆலையும் அவர்கள் தங்கிய விடுதியும் எவ்வாறு சித்திரிக்கப்படுகின்றன என்று சற்று விரிவாகச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.