சைடு சேனலுக்கு ‘உடன்கசிவு’: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சில்லு வேலை செய்யும்போது வெளிப்படும் மின்நுகர்வு, நேரம் போன்றவற்றை அளந்து அதன் இரகசியத்தைப் பிடிக்கும் சைடு சேனல் தாக்குதலுக்குத் (side-channel attack) தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் பக்கவாய்க்கால், பக்கத்தடம், புறவழி, கசிவுவழி என நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன. ஐந்தாவதாக ‘உடன்கசிவு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். அதற்கான காரணம் இத்தாக்குதல் நடக்கும் முறையிலேயே இருப்பதால், முதலில் அதை விளக்கிவிடுகிறேன்.

ஒரு கருவி தன் அடையாளத்தை மெய்ப்பிக்கும்போது, சரிபார்க்கும் முனை முன்கூட்டி அறிய முடியாத ஓர் எண்ணை அனுப்புகிறது. கருவி தன்னுள் இருக்கும் மறைதிறவி என்ற இரகசிய மதிப்பைக் கொண்டு அந்த எண்ணுக்கு விடை கணித்து அனுப்புகிறது. திறவி வெளியே வருவதே இல்லை. விடைகளை எவ்வளவு சேர்த்தாலும் அவற்றிலிருந்து திறவியைக் கண்டறிய முடியாதபடி கணிதம் காக்கிறது. ஆனால் கணிப்பைச் செய்வது ஒரு சில்லு. கையாளும் மதிப்புக்கேற்ப அது இழுக்கும் மின்சாரமும், எடுத்துக்கொள்ளும் நேரமும், வெளிவிடும் மின்காந்த அலையும் நுண்ணிய அளவில் மாறுகின்றன. கணிப்புக்கு ஆகும் நேரத்தை அளந்தே ஆர்எஸ்ஏ (RSA) போன்ற மறையாக்க முறைகளின் திறவியைப் பெறலாம் என்று பால் கோச்சர் 1996இல் காட்டினார். 1999இல் அவரும் ஜோஷுவா ஜாஃபே, பெஞ்சமின் ஜுன் ஆகியோரும் மின்நுகர்வைப் பலமுறை பதிவுசெய்து, புள்ளியியல் வழியாக இரைச்சலை நீக்கித் திறவியைப் பிரித்தெடுக்கும் முறையை வெளியிட்டனர். இவற்றில் கணிதம் உடைக்கப்படவில்லை. கணிப்பு நடக்கும்போது அதனுடன் சேர்ந்தே கசிந்ததுதான் படிக்கப்பட்டது.

இதை வைத்துப் பார்த்தால் வாய்க்கால் என்பது பொருந்தவில்லை. வாய்க்கால் யாரோ ஒருவர் வேண்டுமென்றே வெட்டியது. இங்கே யாரும் எதையும் வெட்டவில்லை. புறவழி என்றதும் புறவழிச்சாலைதான் நினைவுக்கு வரும். சரிபார்ப்பையே தவிர்த்துச் சுற்றிப் போவதுபோல் பொருள்படும். உண்மையில் தாக்குபவர் திறவியைப் பெற்ற பிறகு சரிபார்ப்பின் வழியாகவே, முறையான விடையுடன் நுழைகிறார். பக்கத்தடம் எனக்கு மிகவும் பிடித்த பரிந்துரை, ஆயினும் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இத்துறையில் ஒரு கணிப்பின்போது அளந்து பதிந்த மின்நுகர்வு அலைவடிவத்தை டிரேஸ் என்கிறார்கள், அதற்குத் ‘தடம்’ என்பதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டுக்கும் தடம் என்றே வைத்தால், ‘பக்கத்தடத் தாக்குதலுக்காகப் பதிந்த தடங்கள்’ என்று எழுதிப் படிப்பவரைக் குழப்ப நேரும். எனவே தடம் என்ற சொல்லைப் பதிவுக்கே விட்டுவிடுவோம்.

கசிவுவழி உண்மைக்கு மிக அருகில் வருகிறது. ஆனால் தரவுக் கசிவு, நினைவகக் கசிவு என்று வேறு இரண்டு பொருள்களில் கசிவு ஏற்கெனவே வேரூன்றிவிட்டதால், அதற்கு ஓர் அடை தேவைப்படுகிறது. வேலையோடு பிரிக்க முடியாமல் வருவது என்பதை ‘உடன்’ சொல்லிவிடுகிறது. உடன்விளைவு என்ற சொல்லில் அது செய்வதும் இதுவே. உடனடி என்ற பொருள் கொள்ள இடமுண்டோ என்று சிலர் ஐயுறலாம். உடன்பிறப்பு, உடன்படிக்கை போல் பெயர்ச்சொல்லின் முன் ஒட்டி வரும்போது அந்தப் பொருள் எழுவதில்லை. உடன்கசிவுத் தாக்குதல், உடன்கசிவுப் பகுப்பாய்வு, உடன்கசிவுக் காப்பு என்று தொடர்களும் இடறாமல் அமைகின்றன. மின்னழுத்தத்தைச் சட்டெனக் குறைத்தோ லேசர் பாய்ச்சியோ சில்லைத் தவறாகக் கணிக்கவைக்கும் பிழைபுகுத்தல் தாக்குதல் இச்சொல்லுக்குள் அடங்காது. அது வேறு வகை என்பதால், அடங்காமல் இருப்பதே நல்லது.

அடுத்து, குளோனிங்குக்கு (cloning) நகலாக்கம் வேண்டாம், ‘படியாக்கம்’ இருக்கட்டும் என்பது என் நிலைப்பாடு. நகல் என்பது கோப்புக்கும் ஆவணத்துக்கும் அன்றாடம் வழங்குகிறது. ஒரு கருவியின் நிலைபொருளை (firmware) நகலெடுப்பது படியாக்கம் ஆகாது. போலி என்பதும் வேறு, ஏனெனில் போலி சரிபார்ப்பில் தோற்கக்கூடும். மூலக் கருவியின் அடையாளத்தைத் தாங்கிய இன்னொன்றை உருவாக்கி, சரிபார்க்கும் முனையால் இரண்டையும் வேறுபடுத்தவே முடியாத நிலையை ஏற்படுத்துவதுதான் படியாக்கம். படியின் வெளித்தோற்றம் முற்றிலும் மாறியிருக்கலாம், ஒரு மென்பொருளாகக்கூட இருக்கலாம்.

இவ்விரு சொற்களையும் ஒன்றாகவே வரையறுக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன், ஏனெனில் முதலாவது பெரும்பாலும் இரண்டாவதில் போய் முடிகிறது. வாகனக் கதவுகளைத் தொலைவிலிருந்து திறக்கும் கீலாக் (KeeLoq) முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் போஹும் (Bochum) நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் மின்நுகர்வுப் பகுப்பாய்வின் மூலம் தயாரிப்பாளரின் முதன்மைத் திறவியைப் பெற்றனர். அதன்பின் ஒரு தொலைகட்டுப்படுத்தி அனுப்பும் இரண்டு செய்திகளை ஒட்டுக்கேட்டாலே அதைப் படியாக்க முடிந்தது. 2024இல் நிஞ்சாலேப் (NinjaLab) என்ற பாதுகாப்பு ஆய்வகம் வெளியிட்ட ஆய்வில், இன்ஃபினியான் நிறுவனச் சில்லுகளின் மறையாக்க நூலகத்தில் எண்ணின் நேர்மாறு (modular inverse) கணிக்கும் பகுதி எடுத்துக்கொள்ளும் நேரம் உள்ளீட்டுக்கேற்ப மாறுவது தெரியவந்தது. அந்த வேறுபாட்டை மின்காந்தக் கசிவில் படித்து, யுபிகீ 5 (YubiKey 5) போன்ற பாதுகாப்புத் திறவிக் கருவிகளின் மறைதிறவியைப் பெற முடிந்தது. இதற்குக் கருவி சிறிது நேரம் கையில் கிடைக்க வேண்டும், உறையைத் திறக்கவும் வேண்டும். ஆயினும் திறவி கிடைத்துவிட்டால் படியாக்கிவிடலாம் என்பதால், கருவி கையொப்பமிடும்போது கூடிக்கொண்டே போகும் எண்ணிக்கை ஏறுமுகமாக இருக்கிறதா என்று பார்ப்பது போன்ற, படியைக் கண்டறியும் ஏற்பாடுகள் இன்னும் தேவைப்படுகின்றன.

சில்லு உற்பத்தியில் தற்செயலாக நேரும் நுண்வேறுபாடுகளையே அடையாளமாகக் கொள்ளும் பஃப் (PUF, physically unclonable function) என்ற அமைப்புக்கு ‘படியாக்கவியலாச் சார்பு’ என்ற பெயர் முன்வைக்கப்பட்டுள்ளது. இயலாமையைப் பெயரிலேயே உறுதி கூறுவதை ஏற்கத் தயங்குகிறேன். 2013இல் பெர்லின் ஆய்வாளர்கள் எஸ்ரேம் (SRAM) நினைவகத்தில் அமைந்த அத்தகைய சார்பு ஒன்றை, அது உமிழும் ஒளித்துகள்களைக் கொண்டு படித்து, இன்னொரு சில்லை அயனிக் கற்றையால் திருத்தி, அதே விடை தரும் படியை உருவாக்கினர். இங்கும் உடன்கசிவே படியாக்கத்துக்கு வழிவிட்டது. ‘இயல்வேறுபாட்டுச் சார்பு’ என்பது செய்வதை மட்டும் சொல்லும். வாக்குறுதி எதுவும் தராது.

உடன்கசிவுக் காப்பு முறைகளில், மதிப்பு எதுவானாலும் ஒரே நேரம் எடுக்கும் ‘மாறாநேரக் கணிப்பு’ என்ற தொடரில் எனக்குக் கருத்துவேறுபாடு இல்லை. மாஸ்கிங் (masking) என்ற காப்பு முறைக்கு ‘முகமூடியிடல்’ என்பதை மட்டும் மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன். அங்கே மறைமதிப்பின் மேல் எதுவும் போர்த்தப்படுவதில்லை. அந்த மதிப்பு தற்செயல் எண்களின் துணையுடன் பல கூறுகளாகப் பிரிக்கப்பட்டு, எல்லாக் கூறுகளும் சேர்ந்தாலன்றித் தெரியாதபடி கணிப்பு நடக்கிறது. எனவே ‘பகுத்துமறைத்தல்’ என்கிறேன். பிளைண்டிங் (blinding) என்ற முறைக்குக் ‘குருடாக்கல்’ என்று எழுதுவது மாற்றுத்திறனாளிகளை நோகச் செய்யும், பொருளையும் விளக்காது. உள்ளீட்டுடன் தற்செயல் எண்ணைக் கலந்து கணித்துப் பின்னர் அதன் விளைவை நீக்குவதால், ‘கலந்துமறைத்தல்’ என்று வைத்தால் இரண்டும் இணைச்சொற்களாக நிற்கும். இந்த இணையில் மாற்றம் தேவை என்று கருதுபவர்கள், மாற்றுச்சொல்லை ஒரு முழு வாக்கியத்தில் எழுதிக்காட்டினால் ஒப்பிட்டு முடிவெடுக்க உதவியாக இருக்கும்.