நன்னீர் மீன் குஞ்சுப் பையில் உப்பு எதற்கு?

கரிசல்காட்டு விவசாயி:
பண்ணைக்குட்டையில் விட கட்லா, ரோகு குஞ்சு வாங்கினேன். ஆக்சிஜன் ஏற்றும் முன் பையில் கொஞ்சம் கல் உப்பைக் கரைத்து ஊற்றினார்கள். நன்னீர் மீனுக்கு உப்பு ஆகுமா?

குஞ்சுப்பண்ணை:
ஆகும் தம்பி. நாங்களும் லிட்டருக்கு 2, 3 கிராம் போடுவோம்.

மீனின் ரத்தத்தில் கடல்நீரில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உப்பு உண்டு. குளத்து நீரிலோ உப்பு அற்பம். அதனால் செவுள் வழியாகத் தண்ணீர் இரவும் பகலும் உள்ளே ஊறும், உப்பு வெளியே கசியும். நன்னீர் மீன் தண்ணீர் குடிப்பதே அரிது. ஊறிய தண்ணீரைச் சிறுநீரகம் ஓயாமல் வெளியேற்றும்; தங்கமீன் ஒரு நாளில் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை சிறுநீர் கழிக்கும். இழந்த உப்பைத் தீனியிலிருந்தும், செவுளில் இதற்கென்றே இருக்கும் செல்கள் மூலம் தண்ணீரிலிருந்தும் ஈடுகட்டும். அந்தச் செல்களுக்குச் சக்தி செலவாகும்.

இப்போது வலையில் அள்ளுவதை நினைத்துப் பாருங்கள். மேலே இருக்கும் வழுவழுப்பு வழிந்துவிடும், செதில் பெயரும். பதற்றத்தில் செவுளுக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும், உப்பு இன்னும் வேகமாகப் போகும். பையில் தண்ணீர் கெடக்கூடாது என்று முதல் நாளே தீனியையும் நிறுத்தியிருப்போம். குட்டையில் விட்டு ஓரிரு நாள் கழித்துக் குஞ்சு மிதந்தால் 'தண்ணீர் ஒத்துக்கலை' என்கிறார்கள். பல நேரம் காரணம் இந்த உப்பிழப்புதான். பைத் தண்ணீரில் உப்பு இருந்தால் கசிவு குறையும், குஞ்சு தெம்பாக வந்து சேரும்.

விலங்கியல் ஆசிரியை:
அருமையான விளக்கம் ஐயா. தண்ணீரிலிருந்து உப்பை இழுக்கும் வேலையைத் தவளைக்குத் தோலே செய்கிறது. தவளைத் தோலும் தங்கமீன் செவுளும் மிக நீர்த்த கரைசலிலிருந்தும் உப்பை இழுப்பதை டென்மார்க்கின் உடலியல் அறிஞர் ஆகஸ்ட் க்ரோக் 1930களில் சோதித்துக் காட்டினார்.

கரிசல்காட்டு விவசாயி:
அப்படியானால் குட்டையிலும் உப்பு போட்டு வைக்கலாமா அண்ணே?

குஞ்சுப்பண்ணை:
வேண்டாம். தெளிந்த மீன் தானே சமாளித்துக்கொள்ளும். அந்தத் தண்ணீரைத்தானே பயிருக்கும் பாய்ச்சுவீர்கள்? தீனி மிஞ்சி அழுகித் தண்ணீரில் நைட்ரைட் என்ற நச்சு ஏறினால் மட்டும் உப்பு கைகொடுக்கும். உப்பில் இருக்கும் குளோரைடைச் செவுள் இழுக்கும் வழியிலேயே நைட்ரைட்டும் நுழைந்து ரத்தத்தைக் கெடுக்கும். செவுள் மூடியைத் தூக்கினால் செவுள் சிவப்பாக இல்லாமல் காப்பி நிறத்தில் இருக்கும். தண்ணீரில் குளோரைடு கூடினால் நைட்ரைட் நுழைவது குறையும். ஆனால் முதலில் தீனியை நிறுத்துங்கள், கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள். நைட்ரைட்டை அளந்து பார்த்துவிட்டு எழுதுங்கள், எவ்வளவு உப்பு என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.