வயிற்றுத் தசை அளவு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று: யாராவது வழி சொல்லுங்கள்

காரைக்குடியில் பிசியோதெரபி இறுதியாண்டு படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காகக் கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டின் பட்டாலையில் (கூடத்தில்) 24 கல்லூரி மாணவர்களின் ஆழ்வயிற்றுத் தசையையும் நிற்கும் தோரணையையும் அளக்கிறேன்.

தோரணையில் பிரச்சினை இல்லை. கொத்தனாரிடம் இரவல் வாங்கிய தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஆத்தங்குடிக் கல்லின் கோட்டில் பாதத்தை நிறுத்திப் பக்கவாட்டில் படம் எடுக்கிறேன். காது, தோள், இடுப்பு நூலிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று தெளிவாகத் தெரிகிறது.

மாட்டிக்கொண்டது ஆழ்வயிற்றுத் தசையை அளக்கும் அழுத்தப் பையில்தான். மூன்று அறைக் காற்றுப்பை, கைப்பம்பு, முள் டயல் உள்ள வகை. குப்புறப் படுக்க வைத்து, வயிற்றுக்கடியில் பையை வைத்து 70 மி.மீ. பாதரசத்துக்கு ஏற்றுகிறேன். மூச்சை அடக்காமல் அடிவயிற்றை உள்ளிழுத்தால் முள் 70-லிருந்து 4 முதல் 10 மி.மீ. வரை குறைந்து, 10 விநாடி நிற்க வேண்டும். 9 பேருக்கு 74, 76 என்று ஏறுகிறது! அதே பையன் மாலையில் வந்தால் 66. மூன்று வாரமாக இதே கதை.

பை கசிகிறதோ என்று புத்தக அடுக்குக்கு அடியில் பத்து நிமிடம் வைத்தேன், முள் அசையவில்லை. பாயை எடுத்துவிட்டுப் பெஞ்சுக்கு மாற்றினேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொன்னேன். அப்புறம், முதலில் முட்டி போட்டுப் பழக வைத்தும் பார்த்தேன். சிலர் இடுப்பைக் கீழே அழுத்துகிறார்களோ என்று சந்தேகம், கண்ணால் உறுதியாகப் பிடிபடவில்லை.

முள் ஏறும் இந்த 9 பேரை மறுபடி பழக்கி அளக்க வேண்டுமா, ஏறிய அளவையே பதிவு செய்யலாமா?