மறுமொழி: ‘மிகை சார்பு இடர்’ சரிவருமா?

Excess relative risk என்பதற்குப் புதிய தமிழ்ச்சொல் தேடுகிறோம். கதிர்வீச்சு பட்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு, படாதவர்களோடு ஒப்பிட்டால் எத்தனை பங்கு மாறுகிறது என்பதே அது. அதற்கு வந்த கேள்விகளும் என் பதிலும்:

> ‘மிகை சார்பு இடர்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. மூன்று சொல்லும் அகராதியில் இருக்கின்றன, புதிதாக எதற்கு?

ஐயா, அகராதியில் இருப்பது சரி. வாக்கியத்தில் போட்டபோதுதான் இடித்தது. கருநாகப்பள்ளி ஆய்வைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். கொல்லம் கடற்கரை, தோரியம் கலந்த மோனசைட் மணல், மண்ணிலிருந்தே கதிர்வீச்சு. 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டு பின்தொடர்ந்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். ரத்தப் புற்று நீங்கலாக மற்றப் புற்றுநோய்களுக்குக் கிடைத்த மதிப்பு, ஒரு கிரேக்கு (உடல் உள்வாங்கும் கதிர்வீச்சின் அலகு) −0.13. இதை “மிகை −0.13” என்றா எழுதுவது? பள்ளிக் கணக்கில் மிகை எண் என்றால் பூச்சியத்துக்கு மேலே. படிப்பவர் அச்சுப்பிழை என்றே நினைப்பார்.

‘சார்பு’ இன்னும் மோசம். கணக்கு வாத்தியாருக்கு அது ஃபங்ஷன், இயற்பியலில் ஒப்பீடு, புள்ளியியலில் ஒருபக்கச் சாய்வு. இந்த மாதிரிக் கட்டுரையில் மூன்றுமே வந்து தொலைக்கும்.

> ‘கூடுதல் இடர்’?

கூடுதல் என்றாலும் கணக்கில் கூட்டுத்தொகைதானே. எதோடு ஒப்பிட்டுக் கூடுதல் என்பதும் அதில் இல்லை.

கதிர்வீச்சு படாத பத்தாயிரம் பேரில் 100 பேருக்கு நோய், பட்ட பத்தாயிரம் பேரில் 110 பேருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறியது 10. அதை அடிப்படையான 100-ஆல் வகுத்தால் 0.1. நாம் பெயர் தேடுவது இதற்குத்தான். வகுக்காமல் ‘பத்தாயிரத்துக்கு 10’ என்று விட்டால் அது இதன் பங்காளி. எனவே முதலாவதற்கு ‘இடரேற்ற விகிதம்’, அடுத்ததற்கு ‘இடரேற்ற எண்ணிக்கை’ என்கிறேன். (‘அளவு’ வேண்டாம், கதிர்வீச்சு அளவோடு குழம்பும்.) சேர்த்தே எழுத வேண்டும், ‘இடர் ஏற்ற விகிதம்’ என்று பிரித்தால் இடருக்குப் பொருத்தமான விகிதம் ஆகிவிடும்!

எதிர்க்குறி வந்தால் இறக்கம், அவ்வளவுதான். ஆனால் கருநாகப்பள்ளியில் இடர் இறங்கியது என்று எழுதிவிடாதீர்கள். 95% நம்பிக்கை இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை) −0.58 முதல் 0.46 வரை, பூச்சியம் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது; ஏற்றமா இறக்கமா என்று சொல்ல முடியாது. குறைந்த கதிர்வீச்சில் இதுதான் தொல்லை. விளைவு இருந்தாலும் சிறிது, இயல்பாகவே வரும் புற்றுநோயின் கூட்டத்தில் அது மறைந்துவிடும். அதனால் ‘மிகை’ என்று பெயரிலேயே தீர்ப்பு எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை.

என் சொல்லிலும் ஒரு குறை தெரிகிறது. விலையேற்றம் போல நாளடைவில் ஏறியதாகத் தோன்றலாம். இங்கே ஒப்பிடுவதோ இரண்டு கூட்டங்களை. இந்தக் குழப்பம் இல்லாத சொல் யாரிடமாவது இருந்தால் இதை விட்டுவிடத் தயார்.