மார்கழி வாடையில் சைக்கிள்: குறைந்த செலவில் என்ன உடுத்துகிறீர்கள்?

கொசப்பேட்டை, வேலூர்

வேலூர் என்றாலே எல்லோரும் வெயிலைப் பற்றித்தான் பேசுவார்கள். இந்த ஊருக்கும் குளிர் உண்டு என்பது விடியற்காலையில் சைக்கிள் மிதிப்பவர்களுக்குத்தான் தெரியும். காலை ஆறு மணி ஷிப்டுக்குக் காட்பாடிப் பக்கம் போகிறவன் நான். ஊருக்குள் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. பாலாற்றுப் பாலத்தில் ஏறியதும் வாடைக்காற்று முகத்திலும் மார்பிலும் அடிக்கும். கீழே அகன்ற மணல் ஆறு. காற்றைத் தடுக்க இருபுறமும் ஒரு மரம்கூட இல்லை. பாலத்தைக் கடப்பதற்குள் விரல்கள் விறைத்து, பிரேக்கை அழுத்துவதே சிரமமாகிவிடும்.

டிசம்பர், ஜனவரியில் இங்கே விடியற்காலை வெப்பநிலை 18 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். வீட்டு வாசலில் நின்றால் அது இதமான குளிர். சைக்கிளில் ஏறினால் கதை வேறு. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால், காற்றே வீசாத நாளிலும் நொடிக்கு 5 மீட்டர் வேகக் காற்று நம் மேல் மோதுகிறது. எதிர்க்காற்று இருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். ஆகவே நமக்கு எதிரி குளிர் அல்ல, காற்றுதான். இது புரிந்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம்.

எனக்கு இதைப் புரிய வைத்தவர், மார்கழி பிறந்ததும் சாலையோரத்தில் ஸ்வெட்டர்களைக் குவித்து விற்கும் ஒரு பெரியவர். தடித்த ஸ்வெட்டர் ஒன்றை எடுத்து விலை கேட்டேன். விலையைச் சொல்லாமல், நடந்து போகவா, வண்டியில் போகவா என்று கேட்டார். சைக்கிள் என்றதும் அந்த ஸ்வெட்டரை என் வாயருகே பிடித்து ஊதச் சொன்னார். மறுபக்கத்தில் என் உள்ளங்கையை வைக்கச் சொன்னார். என் மூச்சின் சூடு அப்படியே கையில் பட்டது. அடுத்து, மெல்லிய விண்ட்சீட்டர் ஒன்றை எடுத்து அதையும் ஊதச் சொன்னார். கையில் ஒன்றுமே படவில்லை. "உங்கள் மூச்சு போகிற துணியில் பாலத்துக் காற்று போகாதா?" என்று கேட்டார். ஸ்வெட்டரின் விலையில் பாதிகூட இல்லை அந்த விண்ட்சீட்டர். கையில் வந்த பெரிய வியாபாரத்தை விட்டுவிட்டு எனக்கு எது பயன்படுமோ அதைக் கொடுத்தார். அவரை நான் மறக்கவே மாட்டேன்.

இப்போது என் உடுப்பு இதுதான்: உள்ளே விளையாட்டு வீரர்கள் போடும் மெல்லிய பாலியஸ்டர் பனியன், மேலே அந்த விண்ட்சீட்டர், கழுத்தில் ஒரு பெரிய கைக்குட்டை. வேலைக்கான சட்டை மடித்துப் பையில் இருக்கும். கிளம்பும்போது கொஞ்சம் குளிரத்தான் வேண்டும். மிதிக்க உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ கால் பங்குதான் பெடலுக்குப் போகிறது. மீதியெல்லாம் சூடாகத்தான் வெளியேறுகிறது. வீட்டிலேயே கதகதப்பாகக் கிளம்புகிறவர் பாலத்தைத் தாண்டியதும் வியர்வையில் நனைவார். நனைந்த துணியில் காற்று பட்டால் வருவதுதான் உண்மையான நடுக்கம். பாலம் முடிந்ததும் நான் ஜிப்பைப் பாதி இறக்கிவிடுவேன். ஜிப் இல்லாமல் தலைவழியாகப் போடும் மேலாடையை இந்த வேலைக்கு வாங்கவே வாங்காதீர்கள்.

விண்ட்சீட்டருக்கும் பணம் இல்லாதவர்களுக்கு ஒரு பால்காரர் வழி காட்டினார். டீக்கடையில் அவர் சட்டைப் பொத்தான்களைக் கழற்றியபோது உள்ளே நாலாக மடித்த செய்தித்தாள் தெரிந்தது. பனியனுக்கும் சட்டைக்கும் நடுவில், மார்பிலிருந்து வயிறுவரை. விற்று முடிந்ததும் அதை எடுத்துக் கேரியரில் சொருகிவிடுகிறார். ஐரோப்பிய மலைப்பாதைகளில் பந்தய வீரர்கள் இறக்கத்தில் இறங்குவதற்கு முன் இதையேதான் செய்வார்கள் என்று அவருக்குச் சொன்னேன். "அவர்களுக்கும் பால் ஊற்றும் வேலையா?" என்று கேட்டார்.

சத்துவாச்சாரி

அண்ணா, ஊதிப் பார்க்கும் சோதனையை நேற்று வீட்டிலிருந்த எல்லாத் துணிகளிலும் செய்து பார்த்தேன். அதிகம் காற்றைத் தடுத்தது என் கணவரின் பழைய முழுக்கைச் சட்டை. நெருக்கமான நெசவு. வயலுக்குப் போகும் பெண்கள் புடவைக்கு மேல் ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொள்வதை நம் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதையே நான் சைக்கிளுக்கு எடுத்துக்கொண்டேன். சுடிதாருக்கு மேல் அந்தச் சட்டை, கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொள்கிறேன். ஒரு ரூபாய் செலவில்லை.

பெண்களுக்கு நான் சொல்ல நினைப்பது சால்வையைப் பற்றி. குளிர் என்றதும் நம் கை தானாகச் சால்வைக்குத்தான் போகிறது. தோட்டப்பாளையம் பக்கம் நான் டியூப் பஞ்சர் ஒட்டும் சைக்கிள் கடையில், சுவரில் அடித்த ஆணியில் துணிக்கீற்றுகள் கொத்தாகத் தொங்கும். வண்டி துடைக்க வைத்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். கேட்டபோது ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்: ஒன்று பள்ளிச் சீருடைத் துப்பட்டாவின் ஓரம், ஒன்று சால்வைக் குஞ்சம், ஒன்று ஒரு முதியவரின் வேட்டிக் கரை. எல்லாம் செயினிலிருந்தும் பின்சக்கரத்துக் கம்பிகளிலிருந்தும் அவர் அறுத்து எடுத்தவை. சில துணிகளில் கருப்பு மசகும் செயின் பல்லின் தடமும் அப்படியே இருக்கின்றன. புதிதாகச் சைக்கிள் எடுக்க வரும் பெண்பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகவே அவற்றை வைத்திருக்கிறாராம். கழுத்தில் சுற்றிய துணி சக்கரத்தில் மாட்டினால் ஆளையே இழுத்துவிடும். அன்றிலிருந்து துப்பட்டா பையில்தான் வருகிறது. போய்ச் சேர்ந்ததும் போட்டுக்கொள்கிறேன்.

புடவைதான் உடுத்த வேண்டும் என்ற வேலையில் இருப்பவர்கள் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டு வலைத்தடுப்பு மாட்டிக்கொள்ளுங்கள், செயினுக்கு முழு மூடி போடுங்கள். புடவைக்கு உள்ளே ஒரு லெக்கிங்ஸ் இருந்தால் கணுக்காலில் குளிர் ஏறாது.

இன்னொன்று, குரங்குக் குல்லா. காதுக்கு இதம்தான், மறுக்கவில்லை. ஆனால் பின்னால் வரும் பஸ்ஸின் சத்தம் அதற்குள் அமுங்கிப்போகிறது. கிரீன் சர்க்கிள் பக்கம் வண்டிகள் எல்லாத் திசையிலிருந்தும் வரும். அங்கே காது கேட்டாக வேண்டும். மெல்லிய பருத்தித் துணியை ஒரே சுற்றாகக் காதை மூடிக் கட்டினால் காற்றும் நிற்கிறது, சத்தமும் கேட்கிறது. நுனிகளைச் சட்டைக்குள் சொருகிவிடுங்கள்.

குடியாத்தம்

துணிக்கடையில் வேலை செய்கிறேன், அதனால் ஒரு சிறு விளக்கம். சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தைத் தனக்குள் வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதத்துக்கும் குறைவு. அதனால்தான் வியர்வை பாலியஸ்டரில் தங்காமல் சீக்கிரம் காய்கிறது. கம்பளி 16 சதவீதம்வரை வைத்துக்கொண்டாலும் நனைந்த பிறகும் ஓரளவு சூடு காக்கும். ஆனால் சாலையோரத்தில் கம்பளி என்று விற்கப்படுவதில் பெரும்பாலானவை அக்ரிலிக். அது கெட்ட துணி இல்லை. வீட்டில் போட்டுக்கொள்ள நல்லது. சைக்கிளுக்குத்தான் பொருந்தாது, காற்று புகுந்துவிடும். ஏற்கெனவே ஒன்று இருந்தால் தூக்கிப் போட வேண்டாம், அதற்கு மேலே நெருக்கமான நெசவுச் சட்டை ஒன்றைப் போடுங்கள். ஸ்வெட்டர் உள்ளே, சட்டை வெளியே. பார்ப்பவர்களுக்கு முறை மாறியதுபோல் இருக்கும். உடம்புக்கு இதுதான் சரி.

ராணிப்பேட்டை

தோல் பதனிடும் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து விடியற்காலையில் திரும்புகிறவன். எல்லோரும் குளிரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், சரி. என் கவலை வேறு. ஜனவரியில் இங்கே சூரியன் உதிக்க ஆறரை மணிக்கு மேல் ஆகிவிடுகிறது. அதற்கு முன் பாலாற்றோரம் மூடுபனி இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் சைக்கிளில் போகிற ஆட்களைப் பாருங்கள்: பழுப்புச் சால்வை, கருப்பு ஸ்வெட்டர், நீல மப்ளர். அழுக்குத் தெரியாது என்று அடர் நிறத்தையே வாங்குகிறோம். அழுக்கோடு சேர்ந்து ஆளும் தெரிவதில்லை.

சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையோர டீக்கடையில் ஒரு லாரி ஓட்டுநருடன் பேசிக்கொண்டிருந்தேன். பனியில் சைக்கிள்காரர்களை எப்படிக் கண்டுகொள்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. முதுகில், விளக்கு வெளிச்சம் பட்டால் ஒளிரும் பட்டை இருந்தால் அது ஏதோ கம்பமா, நிறுத்திய வண்டியா என்று ஒரு கணம் குழப்பம் வருமாம். காலில் இருந்தால் மேலும் கீழும் ஆடும். பார்த்த உடனே மனிதன் மிதிக்கிறான் என்று தெரிந்துவிடுமாம். "ஆடுகிற வெளிச்சத்தைப் பார்த்தால் என் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும்" என்றார். பல வருடம் ஸ்டியரிங் பிடித்தவரின் வார்த்தை அது. இரவில் மனிதர்களைக் கண்டுகொள்வது பற்றி ஆராய்ந்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்: அசையும் மூட்டுகளில் கட்டிய பட்டைதான் ஓட்டுநரின் கண்ணில் சீக்கிரம் படுகிறது.

அன்று மாலையே ஒளிரும் பட்டை ஒரு மீட்டர் வாங்கினேன். லாரிகளில் ஒட்டுவது இல்லை, தையல் போடக்கூடிய துணிப்பட்டை. பேன்ட் கால் செயினில் மாட்டாமல் இருக்க ரப்பர் பேண்ட் போடுவோம் அல்லவா? அதற்குப் பதிலாக இந்தப் பட்டையில் வெல்க்ரோ (அழுத்தினால் ஒட்டி, இழுத்தால் பிரியும் நாடா) வைத்துத் தைத்து இரண்டு கணுக்காலிலும் கட்டிக்கொள்கிறேன். பேன்ட்டும் மடங்கி நிற்கிறது, ஆளும் தெரிகிறேன். குளிருக்கு என்று நீங்கள் ஒதுக்கும் பணத்தில் முதல் ஐம்பது ரூபாயை இதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்பேன். நடுக்கத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

கையுறை: எங்கள் ஊரில் தோலுக்குப் பஞ்சமில்லை, தோல் கையுறையும் கிடைக்கும். மழைக்காலம் முடியாத டிசம்பரில் அதை வாங்காதீர்கள். நனைந்து காய்ந்தால் விறைத்துப்போகும். ஹார்ட்வேர் கடையில் மூட்டை தூக்குபவர்களுக்கு விற்கும் பின்னல் கையுறை போதும். உள்ளங்கைப் பக்கம் ரப்பர் புள்ளிகள் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், ஹேண்டில்பார் வழுக்காது. விரலை மடக்கிப் பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டே காசு கொடுங்கள். கடுங்காற்று நாளில் அதற்கு உள்ளே ஒரு மெல்லிய பாலித்தீன் உறை போட்டுக்கொள்வேன். கை கொஞ்சம் வியர்க்கும், ஆனால் விறைக்காது.

அணைக்கட்டு

மலையடிவாரம் எங்களுக்கு. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் குளிரை நகரத்தில் இருப்பவர்கள் அறியமாட்டீர்கள். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது எங்கள் ஊரில் வெறும் பழமொழி இல்லை. மகன் பிளஸ் ஒன் படிக்கிறான், அரசு கொடுத்த விலையில்லாச் சைக்கிளில்தான் பள்ளிக்கும் காலைச் சிறப்பு வகுப்புக்கும் போகிறான். செய்தித்தாள் யோசனையை இன்று செய்து பார்த்தோம். இடுப்பில் பெல்ட்டுக்கு மேல் நிற்கிறது, கீழே சரியவில்லை. வகுப்பில் உட்காரும்போது சரசரக்கிறது என்பதால் பள்ளி வாசலில் எடுத்துவிடச் சொன்னேன்.

எனக்கு ஒரு சந்தேகம். ராணிப்பேட்டை அண்ணன் சொன்ன பட்டையை அவனுக்கும் போட வேண்டும். சீருடைப் பேன்ட்டில் தைக்கப் பள்ளியில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கணுக்காலில் கட்டினால் நண்பர்கள் சிரிப்பார்கள் என்று அவன் கழற்றி வைத்துவிடுகிறான். என்ன செய்யலாம்?

ராணிப்பேட்டை

தம்பியைக் கட்டாயப்படுத்த வேண்டாம். ஷூவின் குதிகால் பக்கம், பின்புறம், இரண்டு அங்குல நீளத்தில் ஒட்டிவிடுங்கள். குதிகாலும் பெடலோடு சேர்ந்து ஆடும், பின்னால் வருபவருக்குத் தெரியும். வகுப்பில் யார் கண்ணிலும் படாது. செருப்போடு போகிற பையனானால் இரண்டு பெடலின் முன்னும் பின்னும் ஒட்டுங்கள். அங்கே லாரிக்கு ஒட்டும் பட்டையே போதும், மழைக்கும் நிற்கும். ஒட்டுவதற்கு முன் பெடலை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். மசகு இருந்தால் மறுநாளே உரிந்து வந்துவிடும்.

சத்துவாச்சாரி

புத்தகப் பையின் அடிப்பாகத்திலும் ஒரு துண்டு தைத்துவிடுங்கள். பை தோளில் தொங்கும்போது அடிப்பாகம்தான் வெளியே தெரியும். மேல்பாதியை விண்ட்சீட்டர் குல்லா மறைத்துவிடுகிறது. என் மகளின் பைக்குத் தெருமுனைத் தையல்காரர் இருபது ரூபாய் வாங்கினார். பை காலியாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போங்கள், புத்தகத்தோடு போனால் ஊசி இறங்காது என்று திருப்பி அனுப்பிவிடுவார்.